பூட்டிய என்ஜினை வாங்கலாமா, நாமே பிரித்துப் பூட்டலாமா?

வாகனத் தொழில்நுட்பம் குறித்து வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் அளிக்கப்படுகிறது. இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் என்ஜினைப் புதுப்பிப்பது பற்றியவை என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: என்னுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரின் என்ஜின் ஆயில் குடிக்கிறது, வேகம் எடுக்கும்போது நீலப் புகை வருகிறது. எப்படியும் செலவு செய்யத்தான் போகிறேன் என்பதால், கூடுதல் சக்தி தரும் பெர்ஃபார்மன்ஸ் என்ஜினாகவே மாற்றிக்கொள்ள விரும்புகிறேன். ஒரு பட்டறை முழுமையாகப் பூட்டிய என்ஜினைத் தருவதாகச் சொல்கிறது. பாகங்களை வாங்கி நானே பூட்டினால் பாதிச் செலவில் முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பிரேக், கிளட்ச், டைமிங் பெல்ட் வேலைகளை நானே செய்து பழகியவன். எந்த வழியில் போகலாம்?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால், என்ஜினின் கீழ்ப்பாதியை, அதாவது பிளாக், கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, பிஸ்டன் ஆகியவை பூட்டப்பட்ட ‘ஷார்ட் பிளாக்’ எனப்படும் பகுதியை, அளவுகளை எழுத்தில் தரும் ஒரு பட்டறையிடமிருந்து வாங்குவேன். சிலிண்டர் ஹெட், கேம்ஷாஃப்ட், டைமிங், மேனிஃபோல்டு ஆகிய மேல்வேலைகளை என் கையால் செய்வேன். இப்படிச் சொல்வதற்கான காரணங்களை நீங்கள் தெரிந்துகொண்டால், இந்த முடிவு உங்களுக்குப் பொருந்துமா என்பதை நீங்களே சீர்தூக்கிப் பார்க்க முடியும்.

‘நானே பூட்டுகிறேன்’ என்பதில் எந்தெந்த வேலைகள் உண்மையில் உங்கள் கைக்கு வரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிலிண்டரைப் போர் செய்வது (கடைந்து பெரிதாக்குவது), ஹானிங் (அதன் சுவரைக் கல்லால் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவருவது), கிராங்க் கிரைண்டிங், ஹெட்டின் முகத்தைச் சமன்படுத்துவது, வால்வு சீட் வெட்டுவது, சுழலும் பாகங்களை பேலன்ஸ் செய்வது, விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் இயந்திரங்கள் உள்ள பட்டறையைத்தான் நாட வேண்டும். வீட்டில் எஞ்சுவது கழுவுவது, அளப்பது, பூட்டுவது ஆகிய மூன்றுதான். ‘பாதிச் செலவு’ என்ற கணக்கு பெரும்பாலும் பிஸ்டன், ராடு, பேரிங், கேஸ்கெட் ஆகியவற்றின் விலையை மட்டும் கூட்டிப் பார்த்துச் சொல்லப்படுவது. அதில் பட்டறைக் கூலி, புதிய போல்ட்டுகள், ஆயில் பம்பு, சீல்கள், அளவுக் கருவிகள், பாதி வழியில் ‘இதையும் மாற்றித்தான் ஆக வேண்டும்’ என்று தெரியவரும் பாகங்கள் எதுவும் இருக்காது. இவற்றையும் சேர்த்தால் முதல் என்ஜினில் பெரிதாக மிச்சம் ஏதும் இருக்காது என்பதே என் கருத்து. அளவுக் கருவிகளின் செலவு இரண்டாவது, மூன்றாவது என்ஜினில்தான் ஈடாகும்.

இந்த மூன்றில் அளப்பதே மையமான வேலை. கிராங்க் ஜர்னலுக்கும் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் உருளைப் பகுதி) பேரிங்குக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி, பொதுவான கணக்கில், ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் அளவே உள்ள இந்த இடைவெளியில்தான் ஆயில் படலம் நின்று கிராங்கைத் தாங்குகிறது. இடைவெளி குறைந்தால் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் ஆயில் அழுத்தம் இறங்கும். இதை மைக்ரோமீட்டராலும் போர் கேஜாலும் அளக்க வேண்டும். மெல்லிய மெழுகு நூல் போன்ற பிளாஸ்டிகேஜை வைத்து, பேரிங்கின் மூடியான கேப்பை முறுக்கி, அது நசுங்கிய அகலத்தைக் கொண்டு அளவைப் பார்க்கும் முறையும் உண்டு. அதைச் சரிபார்ப்புக்காக வைத்துக்கொள்ளலாமே தவிர, பெர்ஃபார்மன்ஸ் என்ஜினுக்கு அதையே ஒரே ஆதாரமாகக் கொள்ளக்கூடாது.

பிஸ்டனைச் சுற்றி அமரும் ரிங்கின் முனை இடைவெளியை எடுத்துக்கொண்டால் இந்த வேலையின் தன்மை இன்னும் தெளிவாகப் புரியும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, ஒரு பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதனால் அந்த ரிங்கை நேராகச் சற்றுக் கீழே தள்ள வேண்டும். பிறகு ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜைச் செருகி அளக்க வேண்டும். 86 மில்லிமீட்டர் சிலிண்டருக்குச் சாதாரணப் பயன்பாட்டில் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் போதும். டர்போ பொருத்துவதாக இருந்தால் 0.45 முதல் 0.5 வரை விட வேண்டியிருக்கும். எப்படியானாலும், பிஸ்டன் தயாரிப்பாளர் தந்திருக்கும் அளவே இறுதியானது. இடைவெளி குறைவாக இருந்தால் ரிங்கை வெளியே எடுத்து, ஒரு முனையை மட்டும் சிறிது அராவி, ஓரத்தில் எழும் பிசிறைத் தேய்த்து நீக்கி, மறுபடியும் உள்ளே வைத்து அளக்க வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜினில் இப்படி எட்டு கம்ப்ரஷன் ரிங்குகள் இருக்கும். ஒவ்வொன்றையும் அதற்குரிய சிலிண்டரிலேயே பொருத்திப் பார்க்க வேண்டும். அலுப்பில் ஒரு ரிங்கை விட்டுவிட்டால், முழுச் சூட்டில் அது விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளும். பிஸ்டனின் ரிங் படிகள் உடையும். சிலிண்டர் சுவர் கீறிப்போகும். இந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

கூடுதல் சக்தியைத் தேடும்போது தவறுக்கான இடம் மேலும் சுருங்கிவிடுகிறது. பிஸ்டனும் ராடும் ஒவ்வொரு சுற்றிலும் நின்று திரும்புவதால் உண்டாகும் விசை, சுழல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளிலிருந்து 7,000 சுற்றுகளுக்குப் போவது வேகத்தில் ஆறில் ஒரு பங்கு உயர்வுதான்; ஆனால் ராடு போல்ட்டுகள் தாங்க வேண்டிய அந்த விசை ஏறத்தாழ 36 சதவீதம் கூடிவிடுகிறது. ஆகவேதான் நல்ல பட்டறைகளில் ராடு போல்ட்டை டார்க் ரெஞ்சின் எண்ணை மட்டும் நம்பி முறுக்குவதில்லை. அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும் அளந்து பார்க்கிறார்கள். மரையில் தடவுவது சாதாரண ஆயிலா, போல்ட் தயாரிப்பாளர் தரும் பசையா என்பதைப் பொறுத்துக்கூட டார்க் அளவு மாறும். அதிக லிஃப்ட் உள்ள, அதாவது வால்வைக் கூடுதலாகத் திறக்கும் கேம்ஷாஃப்ட் போட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்காமல் இருக்க, இன்லெட் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டரும் எக்ஸாஸ்ட் பக்கம் சுமார் 2.5 மில்லிமீட்டரும் இடைவெளி இருப்பதைப் பிஸ்டன் தலையில் களிமண் வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் விகிதத்தை உயர்த்தினால் அதற்கேற்ற ஆக்டேன் உள்ள எரிபொருள் எப்போதும் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரியும் நாக்கிங் வந்து, எவ்வளவு விலையுயர்ந்த பிஸ்டனாக இருந்தாலும் தின்றுவிடும்.

வீட்டில் பூட்டுபவருக்கு ஒரு பெரிய அனுகூலமும் உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அவருக்கு அவசரம் இல்லை. புதிதாகப் பூட்டிய என்ஜின்கள் சீக்கிரமே கெட்டுப்போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அழுக்கு. ஹானிங் கல்லிலிருந்து உதிரும் பொடி சிலிண்டர் சுவரின் நுண்ணிய கீறல்களுக்குள் தங்கிவிடும்; பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைத்தால் அது முழுமையாக வெளிவராது. வெந்நீரும் சோப்பும் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி உலர்த்தி, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் சிறிதும் படாத நிலை வரும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவிய வார்ப்பிரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருவேறத் தொடங்கும் என்பதால் உடனே ஆயில் பூசிவிட வேண்டும். பிளாக்கின் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றி உள்ளேயும் நீண்ட பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். நாளொன்றுக்குப் பல என்ஜின்களைக் கையாளும் பட்டறையில் இந்த வேலைக்கு ஒதுக்கப்படும் நேரத்தைவிட நீங்கள் பல மடங்கு ஒதுக்கலாம். அதன் பலன் நிச்சயம் தெரியும்.

இனி வாங்கும் பக்கம். ‘ரீபில்ட் என்ஜின்’ என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. முழுவதும் பிரித்து, விரிசல் சோதித்து, போர் செய்து, கிராங்கை அரைத்து, பேலன்ஸ் செய்து பூட்டியதும் அந்தப் பெயரில் வரும். கழுவி, சிலிண்டரை லேசாகத் தேய்த்து, ரிங்கும் பேரிங்கும் மாற்றிப் பெயின்ட் அடித்ததும் அதே பெயரில் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். வேறுபாட்டைக் காட்டுவது அளவுத்தாள் ஒன்றுதான். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம், அதில் உள்ள பிஸ்டனின் விட்டம், மெயின் பேரிங், ராடு பேரிங் ஒவ்வொன்றின் இடைவெளி, ரிங் இடைவெளிகள், கிராங்கின் முன்பின் ஆட்டம், கம்ப்ரஷன் விகிதம், போட்ட பாகங்களின் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் ஆகியவை அந்தத் தாளில் இருக்க வேண்டும். அளந்து பூட்டுபவரிடம் இந்த எண்கள் ஏற்கெனவே இருக்கும் என்பதால் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார். ‘அதெல்லாம் எதற்கு, நம்பி எடுத்துப் போங்கள்’ என்று சொல்பவரிடம் நான் வாங்கமாட்டேன். அவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம், ஆனால் நாளைக்கு ஒரு கோளாறு வந்தால் எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

சக்தியை அளக்கும் இயந்திரமான டைனோவில் ஓட்டிப் பார்த்த என்ஜின் என்றால் அதன் அறிக்கையையும் கேளுங்கள். உச்சக் குதிரைத்திறனைவிட, வேகம் கூடக்கூட ஆயில் அழுத்தமும் வெப்பநிலையும் எப்படி இருந்தன என்ற வரிசையையே நான் முதலில் பார்ப்பேன். என்ஜின் டைனோவின் அளவு ஃபிளைவீலில் எடுக்கப்படுவது. காரைச் சக்கரங்களோடு ஏற்றி எடுக்கும் அளவு கியர்பாக்ஸ் முதலியவற்றின் இழப்புக்குப் பிறகு கிடைப்பது. இரண்டையும் ஒப்பிட்டுக் குறைபட்டுக்கொள்ள வேண்டாம்.

உத்தரவாதத்தை வரி வரியாகப் படியுங்கள். பந்தயப் பயன்பாடு, தவறான டியூனிங், அதிக வெப்பம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் உத்தரவாதம் கிடையாது; என்ஜினை இறக்கி ஏற்றும் கூலியும் பல இடங்களில் உங்கள் தலையில்தான் விழும். பிளாக்கிலும் ஹெட்டிலும் சிறிய காசு அளவில் ஒரு உலோக வில்லை ஒட்டப்பட்டிருப்பதைச் சில என்ஜின்களில் காணலாம். அதன் நடுப்பகுதி சுமார் 125 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருகியிருந்தால் என்ஜின் கொதித்திருக்கிறது என்று பொருள். அதன்பிறகு உத்தரவாதம் பேச முடியாது. இது பட்டறைக்காரர் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் நியாயமான ஏற்பாடு. ஆகவே புதிய என்ஜினை வைக்கும் முன் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்பு ஆகியவற்றில் சந்தேகம் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. பழைய என்ஜினைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், உங்கள் பிளாக் விரிசல் விட்டதாக இருந்தால் அதை ஏற்பார்களா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷார்ட் பிளாக்கை வாங்கி மேல்வேலையை நீங்கள் செய்யுங்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்: கீழ்ப்பாதியில் நேரும் தவறு என்ஜினையே கொண்டுபோய்விடும், மேல்பாதியில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றை என்ஜினைக் காரிலிருந்து இறக்காமலே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். டைமிங் மட்டும் இதற்கு விலக்கு; பூட்டியபின் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றி, எங்கும் இடிக்கவில்லை என்பதை உறுதி செய்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். அன்றாடம் இந்தக் காரை நம்பித்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் முழு என்ஜினையே வாங்கிவிடுங்கள். வேறு வாகனம் இருக்கிறது, கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் முழுவதையும் நீங்களே செய்யலாம். ஆனால் முதல் என்ஜினை நிறுவனம் தந்த அளவிலேயே பூட்டுங்கள். டர்போவும் உயர் கம்ப்ரஷனும் அடுத்த என்ஜினுக்கு இருக்கட்டும்.

கேள்வி: போர் செய்வதுதான் செய்கிறோம், 1 மில்லிமீட்டர் பெரிதாகவே போர் செய்தால் சக்தி கூடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் 86 மில்லிமீட்டர் உள்ள நான்கு சிலிண்டர் என்ஜினின் கொள்ளளவு சுமார் 1,998 சிசி. விட்டத்தை 87 ஆக்கினால் சுமார் 2,045 சிசி. கூடுவது 2.4 சதவீதத்துக்கும் குறைவு. ஓட்டும்போது அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மாறாக, சிலிண்டர் சுவர் மெலிகிறது. இன்னொரு முறை போர் செய்யும் வாய்ப்பும் போய்விடுகிறது. தேய்மானமும் கீறலும் முழுமையாக நீங்குவதற்கு எவ்வளவு தேவையோ அந்த ஓவர்சைஸோடு நிறுத்துங்கள். சக்தி வேண்டுமானால் ஹெட்டின் காற்று வழி, கேம்ஷாஃப்ட், டியூனிங் ஆகியவற்றில் தேடுங்கள். ஹானிங் செய்யும்போது ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த உலோகத் தகட்டைப் போல்ட் முறுக்கிப் பொருத்திச் செய்வார்களா என்று மட்டும் பட்டறையில் கேளுங்கள். ஹெட் போல்ட்டுகளை முறுக்கும்போது சிலிண்டர் சிறிது கோணுகிறது. அந்தக் கோணலோடு ஹானிங் செய்தால்தான் ஓடும்போது சிலிண்டர் வட்டமாக இருக்கும்.

கேள்வி: ஆர்வத்தில் என்ஜினைப் பிரித்துவிட்டேன். மெயின் பேரிங் கேப்புகளும் ராடு கேப்புகளும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டன. எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. மேற்கொண்டு பூட்டலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் முறுக்க வேண்டாம். மெயின் கேப்புகளைப் பிளாக்கில் முறுக்கி வைத்து, எல்லாத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் கடைந்திருப்பார்கள்; ஆகவே ஒரு கேப் வேறொன்றின் இடத்தில் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் துளை வட்டமாக இருக்காது. ராடுகளுக்கும் இதே நிலைதான். கேப்புகளைக் கழுவி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: பல என்ஜின்களில் மெயின் கேப்பில் எண்ணும், என்ஜினின் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும் வார்த்திருப்பார்கள். ராடிலும் அதன் கேப்பிலும் ஒரே எண் குத்தப்பட்டிருக்கலாம். பேரிங்கின் நாக்கு அமரும் பள்ளம் உள்ள ராடுகளில், ராடின் பள்ளமும் கேப்பின் பள்ளமும் ஒரே பக்கம் வர வேண்டும். கேப்பை உடைத்துப் பிரிக்கும் முறையில் செய்யப்பட்ட ராடு என்றால், உடைந்த முகம் தன் சொந்த ஜோடியோடு மட்டுமே கச்சிதமாகச் சேரும்; அது உங்களுக்கு நல்லதுதான். எண்களும் அடையாளங்களும் கிடைக்கவில்லையென்றால், பிளாக்குக்கு லைன் ஹானிங்கும் (மெயின் துளைகளை மீண்டும் ஒரே நேர்கோட்டில் தேய்த்து அளவுப்படுத்துவது) ராடுகளுக்குப் பெரிய துளையைத் திரும்ப அளவுப்படுத்துவதும் தேவைப்படும். அந்தக் கூலியைக் கேட்டபின், பூட்டிய ஷார்ட் பிளாக்கின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: பேரிங் உடைந்து போன என்ஜினுக்குப் பதிலாக, புதிதாகப் பூட்டிய பெர்ஃபார்மன்ஸ் என்ஜினை வாங்கிவிட்டேன். பொருத்தி முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: பழைய என்ஜினின் உலோகத் துகள்கள் எங்கெல்லாம் போயிருக்கும் என்பதை முதலில் யோசியுங்கள். ஆயில் கூலர், அதன் குழாய்கள், டர்போ இருந்தால் அதன் ஆயில் வழி ஆகிய எல்லாவற்றிலும் அந்தத் துகள்கள் காத்திருக்கும். குழாய்களைக் கழுவிவிடலாம். ஆயில் கூலரின் உட்பகுதியை நம்பும்படி கழுவுவது கடினம் என்பதால் அதை மாற்றிவிடுவதே நல்லது. புதிய என்ஜின் சில மணி நேரத்தில் கெட்டுப்போனால், பூட்டியவரைக் குறை சொல்லும் முன் பழைய கூலர் அதே இடத்தில் இருக்கிறதா என்றுதான் நான் கேட்பேன்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அழுத்தத்தை ஏற்றிவிட வேண்டும். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மீட்டரில் அழுத்தம் தெரியும்வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுழற்றுங்கள். பம்பைத் தனியே சுழற்றும் வசதி உள்ள என்ஜினில் அதையே செய்வது இன்னும் நல்லது. கேம்ஷாஃப்ட், வால்வை இயக்கும் தட்டையான டேப்பெட்டின் மேல் உராயும் பழைய வகை என்றால், ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 சுற்றுகளில் 20 முதல் 30 நிமிடங்கள் ஓட்ட வேண்டும். துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவு சேர்ந்த ஆயில் அதற்கு அவசியம். ரோலர் வகைக்கு இது தேவையில்லை. கசிவு, அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைப் பார்த்துவிட்டுச் சாலைக்குக் கொண்டுபோகலாம். எந்த வகையானாலும் ரிங்குகள் சிலிண்டரில் படிய வேண்டுமென்றால் பாரம் கொடுத்து ஓட்டுவது அவசியம். நடுத்தர வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி, பிறகு காலை எடுத்து, கியரிலேயே வேகத்தைக் குறைய விடுங்கள். இதைப் பலமுறை செய்யுங்கள். நீண்ட நேரம் ஐடிலில் விட்டால் சிலிண்டர் சுவர் பளபளப்பாகி, ரிங் படியாமலே போய்விடும். எந்த ஆயில், எவ்வளவு தூரம் என்பதில் என்ஜினைப் பூட்டியவரின் சொல்லையே பின்பற்றுங்கள்.

முதல் ஆயில் மாற்றத்தை மிகச் சீக்கிரமே செய்யுங்கள். அப்போது பழைய ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தகர உறையை வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பாக இருக்கும் தாளை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பூச்சும் மிக நுண்ணிய மினுக்கமும் புதிய என்ஜினில் இயல்பு. விரல் நகத்தில் எடுக்கக்கூடிய தகடு போன்ற துகள்கள் இருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். அவை காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பேரிங் உலோகமோ அலுமினியமோ என்று ஓரளவு ஊகிக்கலாம். அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, என்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் விற்றவரிடம் பேசுங்கள். நீங்கள் திறந்துவிட்ட என்ஜினுக்குப் பெரும்பாலும் உத்தரவாதம் செல்லாது.